சிரிக்க யாருக்கு லைசென்ஸ்?

எங்கள் ஞாயிற்றுக்கிழமைப் படிப்பு வட்டத்தில் போன மாதம் ஒரு சின்னச் சம்பவம். பஞ்சமி நில மீட்பு பற்றிய ஓர் அறிக்கையைச் சத்தமாக வாசித்துக்கொண்டிருந்தோம். கடைசி வரிசையில் இருந்த முதுகலை மாணவி ஒருத்தி அடக்க முடியாமல் களுக்கென்று சிரித்துவிட்டாள். எல்லோரும் திரும்பிப் பார்த்தால், அறிக்கைக்கு அடியில் மடியில் ஒரு ஆங்கில நாவல்.

மூத்த தோழர் ஒருவருக்குக் கோபம் வந்துவிட்டது. "நிலம் போன கதையைப் பேசிட்டு இருக்கோம், உனக்கு ஜேம்ஸ் பாண்ட் கேக்குதாம்மா?" என்றார். "சாரி தோழர், சும்மா டைம்பாஸுக்குத்தான்..." என்று அவள் புத்தகத்தைப் பைக்குள் திணித்தாள். திருட்டுப் பொருளை ஒளிப்பதுபோல இருந்தது.

அந்தப் புத்தகம் 'தி கன் செல்லர்'. எழுதியவர் ஹ்யூ லாரி. ஆம், 'ஹவுஸ்' தொடரில் கைத்தடி ஊன்றிக்கொண்டு எல்லோரையும் திட்டித் தீர்ப்பாரே, அதே டாக்டர்தான். அவர் அமெரிக்கத் தொலைக்காட்சிக்குப் போவதற்கு எட்டு வருடம் முன்பு, 1996-இல், எழுதிய ஒரே நாவல். உளவுக் கதை, ஆனால் பக்கத்துக்குப் பக்கம் சிரிப்பு. கூட்டம் முடிந்ததும் அவளிடமே இரவல் வாங்கி வந்தேன். இரண்டே இரவில் முடித்துவிட்டேன். முடித்த பிறகு எனக்குத் தோன்றியதை அந்த மூத்த தோழரிடம் சொன்னேன், அவர் ஏற்கவில்லை. அதனால் உங்களிடம் சொல்கிறேன்.

கதை இதுதான். தாமஸ் லாங், பிரிட்டிஷ் ராணுவத்திலிருந்து விலகியவன். உருப்படியான வேலை இல்லை, கையில் காசும் இல்லை. ஒரு தொழிலதிபரைக் கொன்றால் பெரிய தொகை தருவதாக ஒருவன் வந்து பேரம் பேசுகிறான். லாங் மறுத்துவிடுகிறான். மறுத்ததோடு நில்லாமல், "உங்களைக் கொல்ல ஆள் தேடுகிறார்கள்" என்று எச்சரிக்க அந்தத் தொழிலதிபர் வீட்டுக்கே போகிறான். அங்கே அவன் கையை ஒருவன் முறிக்கப் பார்ப்பதில் நாவல் தொடங்குகிறது. அந்தச் சண்டையில் லாங்குக்கு உதவுவது எது தெரியுமா, கையில் அகப்பட்ட ஒரு புத்தர் சிலை. அதைத் தூக்கி எதிராளியின் தலையில் ஒரு போடு. அமைதியின் உருவத்துக்கு இப்படியும் ஒரு பயன் இருக்கிறது என்று நானும் சிரித்தேன். பாபாசாகேப் மன்னிப்பார் என்று நினைக்கிறேன்.

அதன் பிறகு கதை கனமாகிறது. ஆயுதக் கம்பெனி ஒன்றிடம் புதுவகை ராணுவ ஹெலிகாப்டர் இருக்கிறது. நகரத்துக்குள் பதுங்கும் பயங்கரவாதிகளை அடக்கத்தான் அது. ஆனால் உலக நாடுகள் அதை வாங்க வேண்டுமென்றால் அதன் திறமையைக் கண்ணால் பார்க்க வேண்டும். அதைக் காட்ட ஒரு பயங்கரவாதச் சம்பவம் வேண்டும். சம்பவம் தானாக நடக்கவில்லையென்றால்? நடத்திவிட வேண்டியதுதான். பிணைக்கைதிகள், கேமராக்கள், நேரடி ஒளிபரப்பு, வானத்திலிருந்து இறங்கும் ரட்சகன். ஒரு விளம்பரப் படம், அதில் சாகிறவர்கள் மட்டும் நிஜ மனிதர்கள். உளவுத்துறை ஆட்களும் அதிகாரிகளும் இதற்குள் இருக்கிறார்கள். 'நீதியின் வாள்' என்று பெயர் வைத்துக்கொண்ட ஒரு சிறு தீவிரவாதக் குழுவுக்குள் லாங்கை வேறு பெயரில் நுழைக்கிறார்கள். காஸாபிளாங்காவில் அமெரிக்கத் தூதரக அலுவலகம் வரை போகிறது கதை. முடிவைச் சொல்ல மாட்டேன், படியுங்கள்.

இப்போது சொல்லுங்கள். ஆயுத வியாபாரத்துக்கு எதிரி தேவை, எதிரி இல்லாவிட்டால் தயாரித்துக்கொள்வார்கள். இதை நாம் ஒரு துண்டறிக்கையில் எழுதினால் என்ன ஆகும்? அந்த நாவல் இதைத்தான் முந்நூறுக்கும் மேற்பட்ட பக்கங்களில் சொல்கிறது, சிரிக்கச் சிரிக்க. "டைம்பாஸ்" என்று அந்தப் பெண் கூச்சப்பட்டிருக்க வேண்டிய தேவையே இல்லை.

லாரி இதை வெறும் கற்பனையில் பிடிக்கவில்லை. அந்த ஆண்டு பிரிட்டனில் என்ன நடந்தது என்று பாருங்கள். 1996 பிப்ரவரியில் நீதிபதி ஸ்காட்டின் விசாரணை அறிக்கை ஐந்து தொகுதிகளாக வெளியானது. சதாம் உசேனின் ஈராக்குக்கு ஆயுதத் தொழிலுக்கான இயந்திரங்களை விற்ற விவகாரம். கோவென்ட்ரி நகரின் மேட்ரிக்ஸ் சர்ச்சில் என்ற கம்பெனியின் நிர்வாகிகள் மூவர், ஏற்றுமதி விதிகளை மீறியதாகக் குற்றக் கூண்டில் நின்றார்கள். அவர்களை உள்ளே தள்ளப் பார்த்த அதே அரசுக்கு அந்த வியாபாரம் பற்றி முன்பே தெரியும். அதைக் காட்டும் ஆவணங்களை நீதிமன்றத்துக்குத் தராமல் இருக்க அமைச்சர்கள் கையெழுத்துப் போட்டார்கள். மூவரில் ஒருவர் பிரிட்டிஷ் உளவுத்துறைக்கே தகவல் தந்து வந்தவர்! கடைசியில் முன்னாள் அமைச்சர் ஒருவர் சாட்சிக் கூண்டில் உண்மையை ஒப்புக்கொள்ள, 1992 நவம்பரில் வழக்கு கவிழ்ந்தது. எந்த நகைச்சுவை எழுத்தாளரும் இதைவிடப் பெரிதாக எதையும் கட்ட முடியாது.

அதே 1996 ஜனவரி கடைசியில், வார்ட்டன் என்ற இடத்திலிருந்த பிரிட்டிஷ் ஏரோஸ்பேஸ் வளாகத்துக்குள் மூன்று பெண்கள் இரவில் சுத்தியலோடு நுழைந்தார்கள். இந்தோனேசியாவுக்குப் போகவிருந்த ஒரு ஹாக் போர் விமானத்தை அடித்து நொறுக்கினார்கள். கிழக்குத் திமோர் மக்கள் மேல் குண்டு போட அது பயன்படும் என்பது அவர்கள் வாதம். தப்பி ஓடவில்லை, பிடிபடும்வரை அங்கேயே இருந்தார்கள். திட்டத்தில் பங்கிருந்த நான்காவது பெண்ணும் பிறகு கைதானார். ஆறு மாதம் சிறை. ஜூலையில் லிவர்பூல் ஜூரி நால்வரையும் விடுதலை செய்தது. பெரிய குற்றத்தைத் தடுக்கச் செய்த காரியம் குற்றமாகாது என்ற அவர்கள் வாதத்துக்குப் பிறகு வந்த தீர்ப்பு அது.

நாவலில் இப்படிப்பட்ட பெண்கள் இல்லை. எனக்கு இருக்கும் முதல் குறை இதுதான். லாங் தனி ஆள். அமைப்பின் அநியாயத்தை ஒருவனாக எதிர்கொள்கிறான், மோட்டார் சைக்கிளும் கேலிப் பேச்சும் துணை. 'நீதியின் வாள்' குழுவில் இருக்கும் இளைஞர்கள் தங்களை இயக்கும் கை யாருடையது என்று தெரியாத பொம்மைகள். மக்கள் என்று யாருமே கதையில் கிடையாது. இன்னொன்று, ஆயுதப் பெருமுதலாளிக்கு வைத்திருக்கும் பெயர் நய்ம் முர்தா. பிரிட்டன் உலகத்துக்கே விமானமும் ஏவுகணையும் விற்கிற நாடு, ஆனால் வில்லன் பெயரைப் பார்த்தால் வெளியூர்க்காரர். உள்ளூர் அதிகாரிகள் கோழைகளாகவும் முட்டாள்களாகவும் வந்து போகிறார்கள், அவ்வளவுதான். நம் சினிமாவில் ஊர்ப் பெரியவர் நல்லவராகவும் அவர் கணக்குப்பிள்ளை மட்டும் கெட்டவராகவும் இருப்பார் இல்லையா, அந்த மாதிரி.

இதைவிட என்னை உறுத்தியது அந்த ஊடுருவல். பொய்ப் பெயர், பொய் வரலாறு, நம்புகிறவர்களோடு உண்டு உறங்கிப் பழகுவது. நாவலில் இது சாகசம். லாங் கூச்சப்படுகிறான், அவர்கள் மேல் அவனுக்கு ஒரு பாசமும் வருகிறது, சரி. ஆனால் அதே ஆண்டுகளில் லண்டன் பெருநகரப் போலீஸ் இதை நிஜமாகவே செய்துகொண்டிருந்தது. யாருக்குள்? 1968-இல் தொடங்கிய ஒரு ரகசியப் பிரிவு, போருக்கு எதிரானவர்கள், இனவெறிக்கு எதிரானவர்கள், விலங்குரிமைக்காரர்கள், தொழிற்சங்கத்தினர் என்று நூற்றுக்கணக்கான அமைப்புகளுக்குள் ஆள் அனுப்பியது. இறந்துபோன குழந்தைகளின் பெயர்களைத் திருடிக்கொண்டு போனார்கள். இயக்கப் பெண்களைக் காதலிப்பதாக நடித்து வருடக்கணக்கில் வாழ்ந்தார்கள், குழந்தை பெற்றுக்கொண்டு காணாமல் போனவர்களும் உண்டு. 1993-இல் ஸ்டீபன் லாரன்ஸ் என்ற கறுப்பின மாணவன் பேருந்து நிறுத்தத்தில் வெள்ளை இளைஞர்களால் குத்திக் கொல்லப்பட்டான். அவன் குடும்பம் நீதி கேட்டபோது, அந்தக் குடும்பத்தைக் களங்கப்படுத்த ஏதாவது கிடைக்குமா என்று தேடச் சொன்னார்கள் என முன்னாள் ரகசியப் போலீஸ்காரர் ஒருவர் 2013-இல் வெளியே வந்து சொன்னார். அதன் பிறகுதான் பொது விசாரணை வந்தது.

இயக்கத்தில் இருக்கும் பிள்ளைகள் உளவுக் கதை படிக்கும்போது இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். கதையில் நாம் உளவாளியின் தோளில் உட்கார்ந்து பார்க்கிறோம். வாழ்க்கையில் நாம் உட்கார்ந்திருப்பது அவன் நுழையும் அறைக்குள்.

சரி, சிரிப்புக்கு வருகிறேன். இந்த நாவலின் குரல் எங்கிருந்து வருகிறது? லாரி ஈட்டன் பள்ளியில் படித்தவர், பிறகு கேம்பிரிட்ஜ். பிரிட்டிஷ் பிரதமர்களை உற்பத்தி செய்யும் பள்ளி அது. அப்பா சூடானில் காலனி ஆட்சி நிர்வாகத்தில் அதிகாரியாக இருந்தவர், 1948 ஒலிம்பிக்கில் படகுப் போட்டியில் தங்கம் வாங்கியவர், பின்னாளில் மருத்துவர். நாவல் எழுதுவதற்கு முன் லாரி தொலைக்காட்சியில் பெர்ட்டி வூஸ்டராக நடித்தார். வுட்ஹவுஸ் படைத்த அந்த வூஸ்டர் ஒரு மக்குப் பணக்காரன். எதிலும் மாட்டிக்கொள்வான், எதிலும் அடிபட மாட்டான், பின்னால் ஜீவ்ஸ் இருக்கிறார். தாமஸ் லாங்கின் பேச்சில் அந்த வூஸ்டர் கேட்கிறான். தன்னைத்தானே கேலி செய்துகொள்வது, துப்பாக்கி முனையிலும் சொற்களோடு விளையாடுவது.

தன்னைத்தானே கேலி செய்துகொள்ள ஒரு தைரியம் வேண்டும் என்பார்கள். எனக்கென்னவோ அதற்கு முதலில் ஒரு தரை வேண்டும் என்று தோன்றுகிறது. விழுந்தாலும் தாங்கும் தரை. மற்றவன் உன்னைக் கேலி செய்யாத ஊரில்தான் நீ உன்னைக் கேலி செய்துகொள்வது அழகாக இருக்கும். அரசும் ஆயுத வியாபாரியும் கூட்டுக் கொள்ளையர்கள் என்று எழுதிய லாரிக்கு அதே அரசு 2007-இலும் 2018-இலும் விருது கொடுத்து மார்பில் பதக்கம் குத்தியது. 2016-இல் 'தி நைட் மேனேஜர்' தொடரில் ஆயுத வியாபாரி வேடம் போட்டு, அதற்காக கோல்டன் குளோபும் வாங்கினார். அவர் மேல் எனக்குப் பொறாமை இல்லை. நன்றாக எழுதினார், நன்றாக நடித்தார். அந்தத் தரையைத்தான் நான் பார்க்கிறேன்.

நம் ஊரில் தரை எப்படி இருக்கிறது? 2021 ஜனவரி 1 அன்று இந்தூரில் முனவ்வர் ஃபாரூக்கி என்ற நகைச்சுவைக் கலைஞரைக் கைது செய்தார்கள். மத உணர்வைப் புண்படுத்தும் நகைச்சுவை என்று புகார். அன்று அவர் அப்படிச் சொன்னதற்கு வீடியோ ஆதாரம் இல்லை என்று போலீஸ் அதிகாரியே பத்திரிகையிடம் சொன்னார். ஆனாலும் ஒரு மாதத்துக்கு மேல் சிறை, உச்ச நீதிமன்றம் வரை போய்த்தான் ஜாமீன். அவர் வெளியே வந்த அதே பிப்ரவரியில் இன்னொரு செய்தி. பீமா கோரேகான் வழக்கில் சிறையில் இருந்த ரோனா வில்சனின் மடிக்கணினிக்குள் வெளியிலிருந்து யாரோ ஊடுருவி, அவருக்கு எதிரான ஆவணங்களைச் செருகினார்கள் என்று அமெரிக்காவின் ஆர்செனல் கன்சல்டிங் ஆய்வகம் அறிக்கை கொடுத்தது. விசாரணை அமைப்பு அதை ஏற்கவில்லை. அந்த வழக்கில்தான் ஆனந்த் டெல்டும்டே அம்பேத்கர் பிறந்த நாளன்று சரணடைந்தார். ஸ்டான் சுவாமி விசாரணைக் கைதியாகவே இறந்தார். லாரியின் நாவலில் இது ஒரு அத்தியாயத் திருப்பமாக வந்திருந்தால் சிரித்திருப்போம்.

பெயர் விஷயம் ஒன்றும் இருக்கிறது. லாரி இந்த நாவலைப் பதிப்பகத்துக்கு முதலில் புனைபெயரில்தான் அனுப்பினார். நடிகன் எழுதியது என்று தெரியாமல், எழுத்தை மட்டும் பார்த்து முடிவு செய்யட்டும் என்று. ஏற்றுக்கொண்டார்கள். பிறகு, உங்கள் பெயரிலேயே போட்டால் விற்குமே என்று சம்மதிக்க வைத்தார்கள். நேர்மையான காரியம், மதிக்கிறேன். படித்தபோது எனக்கு வேறொரு நினைவும் வந்தது. முன்பு சென்னையில் வீடு தேடிய நாட்களில், பெயரைச் சொன்ன பிறகு "சொந்த ஊர் எது?" என்பார்கள். ஊரைச் சொன்னால் "ஊர்ல எந்தத் தெரு?" என்பார்கள். தமிழ்நாட்டில் பெயருக்குப் பின்னால் சாதி போடுவதில்லை என்று பெருமையாகச் சொல்கிறோம், உண்மைதான், பெரிய சாதனைதான். அதனால் சாதியைத் தெரிந்துகொள்ளக் கேள்விகள் இரண்டு கூடியிருக்கின்றன. லாரி பெயரைக் கழற்றி வைத்தது சலுகை வேண்டாம் என்பதற்காக. நம்மவர்கள் கழற்றி வைப்பது ஒரு வாடகை வீட்டுக்காக. அவர் வேண்டும்போது மறுபடி மாட்டிக்கொண்டார், விற்பனையும் கூடியது.

இவ்வளவும் சொன்னபோது மூத்த தோழர், "அப்ப நான் சொன்னதுதானே சரி? அது அவங்க சிரிப்பு, நமக்கெதுக்கு?" என்றார். இங்கேதான் எனக்கும் அவருக்கும் தகராறு.

'தி கன் செல்லர்' வந்த அதே 1996-இல் தமிழில் பாமாவின் 'கிசும்புக்காரன்' சிறுகதைத் தொகுப்பு வந்தது. அதற்கு முன் 'கருக்கு', 'சங்கதி' இரண்டும் வந்துவிட்டன. அவற்றிலும் சிரிப்பு உண்டு, ஆனால் இந்தத் தொகுப்பின் பெயரே குறும்பு. அதில் 'அண்ணாச்சி' என்றொரு கதை. சேரி இளைஞன் ஆதிக்க சாதி முதலாளி வீட்டு ஆளை "அண்ணாச்சி" என்று கூப்பிட்டுவிடுகிறான். கெட்ட வார்த்தை இல்லை, மரியாதைச் சொல்தான். ஆனால் அண்ணன் என்றால் சொந்தம் ஆகிவிடுமே! ஊரே கொதிக்கிறது. ஒரே ஒரு உறவுச் சொல்லை வைத்துச் சாதியின் மொத்த அபத்தத்தையும் காட்டிவிடுகிறார். படித்துச் சிரித்த பிறகுதான் வயிற்றில் ஏதோ புரளும்.

ஆக நமக்குச் சிரிப்பு புதிதல்ல. பண்ணையாருக்கு நம் பாட்டிமார் வைத்த பட்டப்பெயர்களைத் தொகுத்தாலே ஒரு அகராதி வரும். நாற்று நடும்போது குனிந்த முதுகுக்குக் கீழே எவ்வளவு கேலி ஓடியது என்று வரப்பில் குடை பிடித்து நின்றவருக்குத் தெரியாது. அது அவர்கள் தரையே இல்லாமல் சிரித்த சிரிப்பு. ஆனால் எங்களைக் கருத்தரங்குக்குக் கூப்பிடுகிறவர்கள் கேட்பது வலியை மட்டும்தான். தன்வரலாறு எழுதுங்கள், அழ வையுங்கள், நாங்கள் கைதட்டுகிறோம். ஒரு தலித் பையன் துப்பறியும் நாவல் எழுதினால் "இதில் தலித் வாழ்க்கை எங்கே?" என்று கேட்பார்கள். ஈட்டனில் படித்தவரிடம் "இதில் ஈட்டன் வாழ்க்கை எங்கே?" என்று யாரும் கேட்கவில்லை. வருத்தம் என்னவென்றால், அந்தக் கேள்வியை இப்போது நாமே நம் பிள்ளைகளிடம் கேட்க ஆரம்பித்துவிட்டோம். அன்று அந்தப் பெண் புத்தகத்தைப் பைக்குள் திணித்தது நம் பார்வையைப் பார்த்துப் பயந்துதான்.

உளவுக் கதைக்கு நம்மிடம் சரக்கு இல்லையா? அன்றைக்கு வாசித்துக்கொண்டிருந்த அறிக்கையையே எடுங்கள். செங்கல்பட்டு ஆட்சியர் திரமென்ஹீர் 1891-இல் அறிக்கை எழுதுகிறார், அடுத்த ஆண்டு நிலம் ஒதுக்க உத்தரவு வருகிறது. சென்னை மாகாணம் முழுக்க சுமார் 12 லட்சம் ஏக்கர் என்பார்கள். நம்மவர் அல்லாதவருக்கு விற்கக் கூடாது என்று நிபந்தனையும் இருக்கிறது. இன்று அந்த நிலத்தில் யார் யாருடைய கட்டடங்கள் நிற்கின்றன? தாலுகா அலுவலகத்தில் பழைய பதிவேட்டைக் கேட்டால் கரையான் அரித்துவிட்டது என்பார்கள். சரியாக அந்தச் சர்வே எண் இருந்த பக்கத்தை மட்டும் அரித்த கரையான்! எந்த உளவு நிறுவனத்திலும் இவ்வளவு பயிற்சி பெற்ற ஏஜென்ட் கிடையாது. அதே நிலத்துக்காக 1994-இல் செங்கல்பட்டில் போராடியபோது போலீஸ் துப்பாக்கிச்சூட்டில் ஜான் தாமஸும் ஏழுமலையும் உயிரை விட்டார்கள் என்பதையும் மறக்காமல்தான் இதைச் சொல்கிறேன்.

போன வாரம் அந்த மாணவியிடம் புத்தகத்தைத் திருப்பிக் கொடுத்தபோது இந்தக் கரையான் கதையைச் சொன்னேன். சிரித்தாள், இந்தத் தடவை மறைக்காமல். பிறகு ஒரு நோட்டை எடுத்துக் காட்டினாள். அவள் ஏற்கெனவே எழுதத் தொடங்கியிருக்கிறாள். கதாநாயகி தாலுகா அலுவலகத்தில் தற்காலிகத் தட்டச்சர். முதல் அத்தியாயத்தில் ஆவண அறையின் சாவி காணாமல் போகிறது. "தோழர், நடுவுல ஒரு புத்தர் சிலையும் வருது, பரவாயில்லையா?" என்று கேட்டாள். வரும் ஞாயிற்றுக்கிழமை படிப்பு வட்டத்தில் அவள் முதல் அத்தியாயத்தை வாசிக்கிறாள். மூத்த தோழரையும் முன் வரிசையில் உட்காரச் சொல்லியிருக்கிறோம்.